மைனஸ் 387 மில்லி நொடி

நிரல் தன் வேலைகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் அந்த வரியைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தேன். ஒரு கோரிக்கையைக் கையாள எடுத்த நேரம்: -387 மில்லி நொடி. மேலேயும் கீழேயும் ஆயிரக்கணக்கான வரிகள் 2, 3, 5 என்று ஒழுங்காக இருந்தன. இது ஒன்று மட்டும், தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நடுவில் நின்றது.

இரண்டு நாள் தேடினேன். எண் தன் இடத்தில் அடங்காமல் வழியும் ஓவர்ஃப்ளோவாக இருக்குமோ என்று பார்த்தேன். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள் ஒரே மாறியில் எழுதுகின்றனவோ என்று பார்த்தேன். நிரலில் சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு முறை கெட்டைம்ஆஃப்டே (இப்போதைய மணியைச் சொல்லும் அழைப்பு), முடிவில் ஒரு முறை கெட்டைம்ஆஃப்டே, பின்னதிலிருந்து முன்னதைக் கழி. மூன்றே வரி. கடைசியில் சர்வரின் சிஸ்டம் லாகை அதே நேரத்துக்குப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில், கணினியின் மணியை வலைப்பின்னல் வழியாகச் சரிசெய்யும் என்.டி.பி. சேவை கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. என் நிரல் ஓடிய வர்ச்சுவல் மெஷினின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முந்திப் போயிருந்தது. பிழை சிறிதாக இருக்கும்வரை என்.டி.பி. கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாகச் சரிசெய்யும். 128 மில்லி நொடிக்கு மேல் போய் அங்கேயே நின்றால் ஒரே தாவலாகத் திருத்திவிடும். அந்தத் தாவல் என் கழித்தலுக்குள் விழுந்திருந்தது.

கடிகாரத்தைத் திருத்தியதில் தப்பே இல்லை. நான்தான் தப்பான ஆளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். ‘இப்போது மணி என்ன?’ என்பது ஒரு கேள்வி. ‘எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான பதில் உலகம் முழுவதும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்பதால் அதைத் திருத்தலாம், முன்னே பின்னே நகர்த்தலாம். இரண்டாவதற்கான பதிலை யாரும் தொடக்கூடாது. அன்றிலிருந்து எந்த நிரலில் நேரக் கழித்தலைப் பார்த்தாலும் இந்த எண் எதை எண்ணுகிறது, அதில் கைவைக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

பெரிய இடங்களிலும் இதே தவறு நடந்திருக்கிறது. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு முழுதாக ஒத்துப்போவதில்லை என்பதால் 1972 முதல் அவ்வப்போது ஒரு லீப் நொடியைச் சேர்த்து வந்தார்கள். இதுவரை 27 முறை. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 அன்று. அந்தப் புத்தாண்டு பிறந்த கணத்தில் இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ். மென்பொருளில் ஒரு பகுதி விழுந்தது. காரணத்தை அவர்களே விரிவாக எழுதினார்கள். கோ என்ற நிரல் மொழியில் இரண்டு நேரங்களைக் கழித்திருக்கிறார்கள், நேரம் பின்னோக்கிப் போகாது என்று நம்பியிருக்கிறார்கள், விடை எதிர்ம எண்ணாக வந்துவிட்டது. அந்த எண் ஒரு ரேண்டம் எண் செயற்கூறுக்குள் போக, எதிர்ம எண்ணை ஏற்காத அந்தச் செயற்கூறு நிரலையே நிறுத்திவிட்டது. அதே 2017-இல் வந்த கோ 1.9 பதிப்பிலிருந்து, நேரத்தைக் கேட்டால் பின்னே போகாத இன்னொரு எண்ணும் உள்ளுக்குள் கூடவே வருகிறது. கழித்தலுக்கு அதுதான் பயன்படுகிறது. நிரலாளரின் ஞாபக சக்தியை நம்பாமல் மொழியே பொறுப்பை ஏற்றுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. லீப் நொடியையே 2035-க்குள் கைவிடுவதென்று 2022-இல் எடைகள் அளவுகளுக்கான பொது மாநாடு தீர்மானித்துவிட்டது. ஆனால் என்.டி.பி. திருத்தங்கள் எப்போதும் இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு வழி எளிது. கிளாக்_கெட்டைம் என்று அழைத்து, மணி காட்டும் ரியல்டைம் கடிகாரத்துக்குப் பதிலாக மோனோடோனிக் கடிகாரத்தைக் கேட்க வேண்டும். இது தாவாது, பின்னே போகாது. என்.டி.பி. இதன் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அதுவும் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் இல்லை. அதுகூட வேண்டாம் என்றால் மோனோடோனிக் ரா இருக்கிறது. மடிக்கணினி உறங்கும் நேரத்தை மோனோடோனிக் எண்ணாது, பூட்டைம் எண்ணும். எது வேண்டும் என்பது நீங்கள் அளப்பதைப் பொறுத்தது. பெரும்பாலான வேலைகளுக்கு மோனோடோனிக் போதும். இந்த அழைப்புக்கு ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் போய் வரவேண்டியதில்லை. வி.டி.எஸ்.ஓ. என்ற ஏற்பாட்டின் மூலம் உங்கள் நிரலின் நினைவகப் பரப்பிலேயே வேலை முடிந்துவிடும். நல்ல கணினியில் 20, 30 நானோ நொடியில் விடை கிடைக்கும்.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? அடிவரை இறங்கினால் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் கொடுத்தால் அதிரும். அந்த அதிர்வுகளை ஒரு கவுண்டர் எண்ணுகிறது. கணினிக்கு நேரம் தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். எண்ணிக்கையை நேரமாக மாற்றுவது நாம். அந்தப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால் ஒரு நாளில் ஏறக்குறைய 1.7 நொடி தப்பிவிடும்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த படிகத்தின் அதிர்வெண் 14.31818 மெகாஹெர்ட்ஸ். ஏன் இப்படி ஓர் அரைகுறை எண்? அமெரிக்கக் கலர் டி.வி. சமிக்ஞைக்கு 3.579545 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது, அதை நான்கால் பெருக்கினால் 14.31818. ஒரே படிகத்தை வைத்துக்கொண்டு டி.வி.யிலும் படம் காட்டலாம், மூன்றால் வகுத்துப் பிராசஸரையும் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டலாம், பன்னிரண்டால் வகுத்து டைமர் சிப்புக்கும் கொடுக்கலாம். அந்த டைமருக்குக் கிடைத்தது 1.193182 மெகாஹெர்ட்ஸ். அது 65,536 வரை எண்ணி ஒரு முறை மணியடித்தால் நொடிக்கு 18.2 தடவை. டாஸ் காலத்தில் நிரல் எழுதியவர்களுக்கு இந்த 18.2 மனப்பாடம். அப்புறம் வந்த ஏ.சி.பி.ஐ. டைமர் அதே 3.579545-இல் ஓடியது. அதற்கும் பின்னால் வந்த எச்.பி.இ.டி. டைமர்களில் பல 14.31818-இலேயே ஓடின. லினக்ஸ் கெர்னல் துவங்கும்போது பிராசஸருக்குள் இருக்கும் கிகாஹெர்ட்ஸ் வேகக் கவுண்டரின் வேகத்தை இந்தப் பழைய டைமர்களோடு ஒப்பிட்டுத்தான் வெகுகாலம் கணக்கிட்டு வந்தது. கலர் டி.வி.க்காகத் தேர்ந்தெடுத்த ஓர் எண், டி.வி. இணைப்பே இல்லாத சர்வர்களின் நேரத்துக்கு அடித்தளமாக இருந்ததை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிகாஹெர்ட்ஸ் வேகக் கவுண்டர் என்று சொன்னது டைம் ஸ்டாம்ப் கவுண்டர், சுருக்கமாக டி.எஸ்.சி. 1993-இல் இன்டெல் பென்டியம் பிராசஸரோடு வந்தது. பிராசஸரின் ஒவ்வொரு சுற்றையும், அதாவது கடிகாரத் துடிப்பையும், எண்ணும் 64 பிட் கவுண்டர். அதைப் படிக்க ஆர்.டி.டி.எஸ்.சி. என்ற ஒரே ஒரு கட்டளை போதும். 3 கிகாஹெர்ட்ஸில் எண்ணினாலும் 64 பிட் நிரம்ப 190 வருடங்களுக்கு மேல் ஆகும். கண் இமைக்கும் நேரத்தைச் சும்மா 0.1 நொடி என்று வைத்துக்கொண்டாலும் அதற்குள் 30 கோடி சுற்றுகள். ஒரு சுற்றுக்குள் ஒளிகூட 10 சென்டிமீட்டர்தான் நகர முடியும். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் தன் உரைகளில், ஒரு நானோ நொடியில் ஒளி போகும் தூரத்துக்கு வெட்டிய 11.8 அங்குல வயர் துண்டுகளைக் கொடுத்து, இதுதான் ஒரு நானோ நொடி என்று காட்டுவார். நீளமாகப் பார்க்கும்போது நானோ நொடி மனதில் நின்றுவிடுகிறது.

முதல் பென்டியத்தில் இதன் கணக்கு நேரடியானது. பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசஸர்கள் தம் வேகத்தை அடிக்கடி மாற்றத் தொடங்கின. அதோடு சேர்ந்து கவுண்டரும் வேகம் மாறியதால் ‘ஆயிரம் எண்ணிக்கை’ என்பது எத்தனை நானோ நொடி என்று சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. போதாக்குறைக்கு, பல கோர்கள் (தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதிகள்) உள்ள கணினிகள் சிலவற்றில் ஒவ்வொரு கோரின் கவுண்டரும் ஒவ்வொரு எண்ணில் நிற்கும். இதற்குத் தீர்வாக வந்தது இன்வேரியன்ட் டி.எஸ்.சி. பிராசஸர் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் உறங்கினாலும் இது ஒரே சீராக எண்ணும். இந்தப் பிராசஸரில் அது உண்டா என்று சி.பி.யு.ஐ.டி. கட்டளையைக் கேட்டால் தெரியும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இன்று டி.எஸ்.சி. காட்டுவது பிராசஸர் உண்மையில் ஓடிய சுற்றுகளை அல்ல. தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் டர்போவில் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போதும் அது தன் பழைய 3 கிகாஹெர்ட்ஸ் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். ‘என் நிரல் இத்தனை சைக்கிள் எடுத்தது’ என்று டி.எஸ்.சி.யை வைத்து எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். உண்மையான சுற்று எண்ணிக்கைக்கு பெர்ஃப் என்ற லினக்ஸ் கருவி வழியாகக் கிடைக்கும் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்கள் தனியாக இருக்கின்றன.

நான் நீண்ட நாள் மாட்டிக்கொண்டு தவித்தது வேறோர் இடத்தில். ஒரு வகுத்தல் எத்தனை எண்ணிக்கை எடுக்கிறது என்று பார்க்க முன்னால் ஒரு ஆர்.டி.டி.எஸ்.சி., பின்னால் ஒரு ஆர்.டி.டி.எஸ்.சி. வைத்தேன். வந்த விடை, நடுவில் எதுவுமே இல்லாமல் அளந்தபோது வந்த அதே எண். வகுத்தலுக்கு நேரமே ஆகவில்லை என்கிறது கவுண்டர். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வகுத்தலை நீக்கிவிட்டதோ என்று, அந்தக் கட்டளைகளின் பட்டியலான அசெம்பிளியைத் திறந்து பார்த்தேன், வகுத்தல் அங்கேயே இருந்தது.

விஷயம் இதுதான். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோ முதல் இந்தக் குடும்பத்துப் பிராசஸர்கள் கட்டளைகளை எழுதிய வரிசையில் நிறைவேற்றுவதில்லை. எதற்குத் தேவையான தரவு தயாராக இருக்கிறதோ அதை முதலில் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஆர்.டி.டி.எஸ்.சி.க்கு வகுத்தலின் விடை தேவையில்லை. அதனால் வகுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே அது முந்திக்கொண்டு கவுண்டரைப் படித்துவிட்டது. ஓடுகிறவர் கோட்டைத் தொடும் முன்பே ஸ்டாப்வாட்சை நிறுத்தியது மாதிரி. இதைத் தடுக்க வேலி போட வேண்டும். தொடக்கத்தில் எல்ஃபென்ஸ் என்ற வேலிக் கட்டளை, ஆர்.டி.டி.எஸ்.சி., மறுபடி எல்ஃபென்ஸ். பிறகு அளக்க வேண்டிய நிரல். முடிவில் ஆர்.டி.டி.எஸ்.சி.பி., அதன் பின் ஓர் எல்ஃபென்ஸ். கடைசியில் ‘பி’ சேர்ந்த அந்தக் கட்டளை தனக்கு முந்தைய கட்டளைகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். ஆனால் தனக்குப் பிந்தையவை முன்னே புகுவதைத் தடுக்காது. அதற்குத்தான் கடைசி வேலி. இதைப் போட்டதும் வகுத்தலுக்குச் சில பத்து எண்ணிக்கைகள் வந்தன. அந்த எண்ணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

கம்பைலரும் தன் பங்குக்கு நிரலை இடம் மாற்றும், விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் முழு லூப்பையும் அழித்துவிடும். அளவு பூஜ்யமாக வந்தால் முதலில் அசெம்பிளியைப் பாருங்கள். வாலட்டைல் (இதை நீக்காதே) என்று குறித்து நிரலுக்குள்ளேயே எழுதும் இன்லைன் அசெம்பிளியும், விடையை எங்காவது பயன்படுத்துவதும் இதற்குப் போதும்.

வேலி போட்ட பிறகும் அளவுகோலுக்கே ஓர் எடை உண்டு. நடுவில் ஒன்றும் வைக்காமல் அளந்தால் பூஜ்யம் வராது. அதனால் வெறும் அளவை முதலில் எடுத்து எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு அதைக் கழிக்கிறேன். தராசில் பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போலத்தான். அடுத்து, ஒரே அளவை ஆயிரம் முறை எடுத்தால் ஆயிரம் எண்கள் வருகின்றனவே, எதை நம்புவது? முன்பெல்லாம் சராசரி எடுப்பேன். இப்போது இந்த மாதிரிச் சின்ன அளவுகளுக்குக் குறைந்தபட்ச எண்ணை எடுக்கிறேன். ஓடும் வேலையைக் குறுக்கிட்டு நிறுத்தும் இன்டர்ரப்ட் வரும், வேக நினைவகமான கேச்சில் தரவு இல்லாமல் போகும், கெர்னல் வேறு வேலைக்குத் தாவும். இவை எல்லாமே நேரத்தைக் கூட்ட மட்டும்தான் செய்யும். எந்தத் தொந்தரவும் நிரலை இயல்பைவிட வேகமாக ஓட்டிவிட முடியாது. எனவே மிகக் குறைந்த எண்தான் தொந்தரவு இல்லாத ஓட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பயனர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது கேள்வியானால் இந்தக் குறைந்தபட்சம் உதவாது. அப்போது தொந்தரவுகளும் கணக்கில் வர வேண்டும், மோசமான நூற்றில் ஒரு பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிறிய கருவிகளுக்கு இறங்கினால் வேறு கவலைகள். 32 பிட்டில் மில்லி நொடிகளை எண்ணினால் 49.7 நாளில் நிரம்பி பூஜ்யத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 இப்படித்தான் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள். போயிங் 787-இல் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கவுண்டர் நிரம்பி மின்சாரம் நின்றுவிடலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. நூறில் ஒரு நொடியாக எண்ணினால் 31 பிட் நிரம்ப ஆகும் காலம் அதே 248 நாள்.

நான் எழுதிய ஒரு சென்சார் கருவியும் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றது. அடுத்து எப்போது அளக்க வேண்டும் என்ற எண்ணைக் கணக்கிட்டு வைத்து, ‘இப்போதைய எண் அதைத் தாண்டிவிட்டதா?’ என்று கேட்டிருந்தேன். அந்த இலக்கு எண் உச்சவரம்புக்கு மிக அருகில் விழுந்த நேரத்தில் லூப் வேறு வேலையில் இருந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது கவுண்டர் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது. இனி அந்த இலக்கைத் தொட இன்னும் 49 நாள். திருத்தம் ஒரே வரி: இலக்கோடு ஒப்பிடாமல், இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசத்தை இடைவெளியோடு ஒப்பிடுவது. குறியில்லாத எண்களில் கழித்தால் நடுவில் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். இதைக் கூட்டிப் பார்க்காமல் கழித்துப் பார் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணிக்கையை நொடியாக மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு பத்தில் ஒரு நொடியை அலகாக எண்ணியது, அதை நொடியாக்க 0.1-ஆல் பெருக்கியது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று முடியாமல் நீள்வது போல இரண்டடிமானத்தில் 0.1 முடியாமல் நீளும். 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான பிழை. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 நொடியாகச் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. இதைப் படித்த பிறகு நான் பின்னங்களைத் தோராயமாக வைத்திருக்கும் மிதவைப் புள்ளி எண்ணில் நேரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. முழு எண்ணாக எண்ணி, மனிதருக்குக் காட்டும்போது மட்டும் மாற்றுகிறேன்.

சென்ற மாதம் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஒரு இன்டர்ரப்ட் நிரலின் நேரத்தை அளக்க வேண்டியிருந்தது. அதில் மைக்ரோஸ் என்ற செயற்கூறு மைக்ரோ நொடியில் விடை சொன்னாலும் அந்த எண் நாலு நாலாகத்தான் ஏறும். 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்த டைமரிலிருந்து வருவதால் ஒரு எண்ணிக்கை 4 மைக்ரோ நொடி. அளந்தால் சில முறை 8, சில முறை 12. நடுவில் எதுவும் இல்லாமல் அளந்தால் சில முறை 0, சில முறை 4. இங்கே குறைந்தபட்சத்தை எடுத்தால் தப்பு. வெளியிலிருந்து வரும் சமிக்ஞை டைமர் எண்ணிக்கைகளுக்கு நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும். அதனால் 8-உம் 12-உம் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதிலேயே உண்மையான நேரம் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பத்தாயிரம் முறை அளந்து, சராசரிகளைக் கழித்தேன். 6.2 மைக்ரோ நொடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

நம்ப மனம் வரவில்லை. நிரலின் தொடக்கத்தில் சிப்பின் ஒரு பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடிவில் இறக்கினேன். போர்ட்டில் நேரடியாக எழுதினால் அதற்கு இரண்டே சுற்றுகள்தான். அந்தப் பின்னில், மின் சமிக்ஞை ஏறி இறங்கும் நேரத்தைப் பதியும் லாஜிக் அனலைசரை மாட்டினேன். அதற்குள் இருப்பது வேறு படிகம், என் நிரலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. திரையில் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே 6.25 என்று காட்டியது. பிறகு அசெம்பிளிப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் அதன் சுற்று எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதிக் கூட்டினேன். இந்தச் சின்னச் சிப்பில் கேச் கிடையாது, முந்திக்கொள்ளும் வழக்கமும் கிடையாது, அதனால் கையால் கூட்டலாம். கூட்டுத்தொகை 100. பதினாறால் வகுத்தேன்.